வெள்ளிக்கிழமைக் கால் சுற்று

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் நாலு பேர். நான், என் மனைவி, வண்டியின் சொந்தக்காரரான அவளுடைய அண்ணன், திருப்பதிக்குள் நுழையும் முன் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக். ஒரு நாயும் இருந்தது. வண்டியைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஒரே ஜீவன் என்பதால் அதையும் மரியாதையோடு குறிப்பிடுகிறேன்.

வண்டிக்கு வயது பதினெட்டு. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ஆள் ஏற்றுவேன். வருவதில் பாதி மச்சானுக்கு, பாதி எனக்கு. டீசல் மட்டும் என் பாதியில். கணக்கில் அவர் புலி. அவர் போட்ட சட்டமும் ஒன்று உண்டு. வண்டி தானாகக் கெட்டால் செலவு அவருடையது. நான் கெடுத்தால் செலவு என்னுடையது, சாவி அன்றைக்கே அவர் தம்பியிடம் போய்விடும். தம்பி வீட்டில் சும்மா இருந்தான். அதில் அவனுக்குப் பல வருட அனுபவம். எனக்கோ ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அன்று மச்சானுக்குத் திருப்பதியில் கண் பரிசோதனை. முன் சீட்டில் அவர், பின்னால் என் மனைவி. சந்திரகிரி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் மொத்தமாக என் தொடைமேல் வந்து உட்கார்ந்தது. அதை ஏற்றி இறக்கிப் பூட்டுவதற்குக் கீழே ஒரு லீவர் உண்டு. பூட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. சக்கரம் திரும்பியது, அதுவே பெரிய புண்ணியம். முழங்காலால் முட்டுக் கொடுத்தபடி ஒன்றும் நடக்காதது போல ஓட்டினேன்.

"இன்னா மாப்ள, முட்டிய தூக்கிக்கினு ஓட்ற? டான்ஸா?"

"ஒன்னுமில்ல மச்சான், லைட்டா ஆடுது."

"லைட்டாவா? ஒன் வயித்துல பட்டு ஹாரன் தானா அடிக்குதே!"

கண் டாக்டரிடம் போகிறவருக்கு இது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

தகரக் கொட்டகை முன் நிறுத்தியதும் மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழிருந்த மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டார்.

"ஏமண்ணா இதி, இன்னா இது? லீவர் நட்டு கடைசி மறையில தொங்கிக்கினு கீது. யாரோ ஸ்பானர் போட்டு கழட்டிக்கினே வந்துகிறாங்க. மூலையெல்லாம் தேஞ்சி போச்சி."

மச்சான் என்னைப் பார்த்தார். தெருவில்தானே நிறுத்துகிறோம், எவனாவது வேண்டாதவன் செய்திருப்பான் என்று இழுத்தேன். அந்த நேரம் பார்த்து என் மனைவிக்குப் புருஷன்மேல் பெருமை பொங்கியது.

"இவரு இருக்கும்போது எவன் கை வெப்பான்? அண்ணா, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வண்டிக்கு பூஜை போட்டதும் ஸ்பானர் எத்துக்கினு அந்த ஸ்டியரிங் நட்டைத்தான் டைட் பண்றாரு. நாலு மாசமா! அவ்ளோ பொறுப்பு."

உண்மைதான். நான் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஜாதி. ஸ்டியரிங் லேசாக ஆடுவதாக எனக்குத் தோன்றிய நாளிலிருந்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, கையோடு நட்டுக்கும் கால் சுற்று. வாரத்துக்கு வாரம் ஆட்டம் கூடியது. நல்லவேளை நாம் இறுக்குகிறோம், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

"எந்தப் பக்கம் திருப்புவ அண்ணா?" என்றார் மெக்கானிக்.

வலது பக்கம் சுற்றிக் காட்டினேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு உலகத்தில் உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"இது லெப்ட் மறை அண்ணா. இடது பக்கம் சுத்தினாத்தான் இறுகும்."

"சுத்தும்போது கெட்டியாத்தானே இருந்திச்சி?"

"நட்டுக்குள்ள நைலான் வளையம் கீது. எந்தப் பக்கம் சுத்தினாலும் கெட்டியாத்தான் இருக்கும்."

ஆக, நாலு மாதமாக நான் பக்தியோடு வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் மனைவி திடீரென்று நாயைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

புது நட்டு போட்டு, தேய்ந்த புஷ் வளையத்தையும் மாற்றியதும் ஸ்டியரிங் கல் மாதிரி நின்றது. கூலியோடு அறுநூற்றைம்பது. மச்சான் என்னிடம் கையை நீட்டினார். நான் சாவியை எடுத்தேன்.

"சாவிய நீயே வெச்சிக்கோ. தம்பிகிட்ட குடுத்தா, ஸ்டியரிங் கழண்டு கையில வந்தாலும் செல்லு பாத்துக்கினு இருப்பான். அந்த ஸ்பானர குடு."

கொடுத்தேன். பதினாலாம் நம்பர். அதை அவர் மடியில் வைத்துக்கொண்டே கண் டாக்டரைப் பார்க்கப் போனார்.

செலவு மட்டும் சட்டப்படி என்னுடையது. கையில் இருந்த இருநூற்றைம்பதைக் கொடுத்தேன். மிச்சத்தை மெதுவாகக் கொடு என்றார் மெக்கானிக். தங்கமான மனுஷன், இதுவரை பணம் கேட்டதே இல்லை. வண்டியைக் கண்டால் மட்டும் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, எந்தப் பக்கம்?" என்று கையைச் சுற்றிக் காட்டுகிறார், பயணிகள் முன்னால். அதனால் அந்த இடம் வந்தால் வேகமாகப் போய்விடுகிறேன். பாக்கி அப்படியே நிற்கிறது: நானூறு ரூபாய்.