வாக்குக் கொடுத்த கதை

எங்கள் தெருமுனையில் ஒரு வேட்பாளர் விழுந்து கிடந்தார். ஆளல்ல, பலகை. வசந்தகாலம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆக்லாந்தில் அடிக்கிற காற்று, நீலக் கட்சிக்காரரைச் சிரித்த முகம் மாறாமல் புல்லில் மல்லாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு மனிதர் சுத்தியலோடு வந்தார். அவருடைய வேலியில் நிற்பது சிவப்புக் கட்சியின் பலகை. ஆணிகளை வாயில் கடித்துக்கொண்டு நீலக்காரரைத் தூக்கி நிமிர்த்தி, கால்களை இறுக்கி, மூக்கில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டார். இந்த நாட்டில் நாயில்லாமல் நடக்கப் போகிற ஒருசிலரில் நானும் ஒருவன். நின்று பார்த்துவிட்டு, "இவர் உங்கள் ஆள் இல்லையே?" என்றேன். "இல்லவே இல்லை. ஆனால் விழுந்து கிடக்கிறாரே!" என்றார். எங்கள் யாழ்ப்பாணத்தில் எதிர்க்கட்சிக்காரர் சுவரொட்டியிலே சும்மா இருந்தாலும் விடமாட்டோம். முதலில் கண்ணைத் தோண்டுவோம், பிறகு சாணி, அதற்கு மேல் நம்முடைய சுவரொட்டி. விழுந்தவனை நிமிர்த்திவிட்டு அவனுக்கு எதிராக வாக்குப் போடுகிற இந்தக் கலை எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கட்சிகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கார் தரிப்பிடத்தில் வைத்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள். நிறம் போதும். இந்த நகரத்தில் எங்கள் ஆட்களின் அரசியலை நிறத்தை வைத்தே நான் ஒரு விஞ்ஞானமாக்கி வைத்திருந்தேன். வந்த புதிதில், வாடகை கட்டும்போது, நாங்கள் எல்லோரும் சிவப்பு. மோர்ட்கேஜ் எடுத்து, வங்கிக்காரன் கைகுலுக்கிய அன்றே உடம்பில் நீலம் பாரிக்கத் தொடங்கும். இரண்டாவது வீடு வாங்கி நாமே வாடகை வசூலிக்க ஆரம்பித்தால் கடும் நீலம். அதற்குள் இங்கே பிறந்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய்ச் சுற்றுச்சூழல் பேசுகிற பச்சையாகி, சாப்பாட்டு மேசையில் எங்களுடைய இறைச்சிக் கறியைக் குற்றவாளியைப் போலப் பார்ப்பார்கள். தொலைக்காட்சி நிபுணர்கள் வரைபடம் வைத்து, மனுகாவ் இப்படி, வடக்குக் கரை அப்படி, "ஆசிய வாக்கு நகர்கிறது" என்று கையை வீசிச் சொல்வார்கள். ஆசியர் என்பது ஒரு பெட்டி. சீனர், கொரியர், டெயரி என்கிற மூலைக்கடை வைத்திருக்கிற குஜராத்திக்காரர், நான் எல்லோரும் அதற்குள்ளே முழங்கை இடிபட நிற்கிறோம். நிபுணர் பெட்டியைத் தள்ளினால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து நகர்கிறோமாம்.

நான் எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் கணக்காளன். ஹில்ஸ்பரோவில் வீடு, இன்னொரு வீட்டில் வாடகைக்காரர். ஆக, என் நிறம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் தலைவனானது மட்டும் தற்செயல். ஒரு கரோல் நிகழ்ச்சிக்கு, கதிரை அடுக்குகிற வேலைக்கு, ஒரு மரண வீட்டிலிருந்து நேரே கோட்டுச் சூட்டோடு போய்விட்டேன். விருந்தினராக வந்திருந்த நீலக் கட்சி வேட்பாளர் என்னைப் பார்த்து, "நீங்கள்தான் சமூகத் தலைவரா?" என்றார். எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் என்ன கேட்டாலும், கேட்பது காதில் விழுந்தது என்பதைக் காட்டவே "ஓம், ஓம்" என்போம். அந்த ஓமை அவர் உறுதியாக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குத் தீபாவளி வாழ்த்து வருகிறது. நான் கத்தோலிக்கன். "உங்களுக்கும் அப்படியே" என்று பதில் போட்டுவிடுவேன்.

தேர்தல் நெருங்கிய ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடச் சந்தையில் அவர் என்னைத் தோளில் தட்டி நிறுத்தினார். "ஹவ் இஸ் யுவர் கம்யூனிட்டி லீனிங்?" லீன் என்ற சொல்லை நான் சுப்பர்மார்க்கெட்டில் கொத்திறைச்சிப் பொதியின் மேல்தான் பார்த்திருக்கிறேன். கொழுப்பில்லாதது என்று பொருள். எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்களின் தொந்தி வண்டிகள் என் கண்முன் வந்தன. "நொட் வெரி லீன், சேர். வீ ஈட் எ லொட்," என்றேன், உண்மையாகவே வருத்தத்தோடு. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சாய்வைத்தான் கேட்டார் என்பது, அவர் "எந்தப் பக்கம்?" என்று திரும்பக் கேட்டபோதுதான் விளங்கியது. இவ்வளவு சிரிக்க வைத்தபின் மனிதரை ஏமாற்றலாமா? "உங்கள் பக்கம்தான்! என் மனைவி, நண்பர்கள், எல்லோரும். ஒன்றும் யோசிக்காதீர்கள்," என்றேன். தமிழில் வோட்டும் வாக்கு, சத்தியமும் வாக்கு. நான் வாக்குக் கொடுத்தேன். எந்த வாக்கை என்றுதான் அப்போது யோசிக்கவில்லை. அதே வேகத்தில், அடுத்த சனி எங்கள் வீட்டில் தேநீருக்கு வரும்படியும் சொல்லிவிட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளர். வயதானவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கையில் புரட்டிப் படுக்கவைத்து, வீட்டுக்கு வந்து தன் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறவள். அவர்களுடைய சம்பள உயர்வு ஏதோ பேச்சுவார்த்தையில் போய் முட்டி நின்றுவிட்டது. உணவு இடைவேளையில் வாசலில் பதாகை பிடித்து நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்கிறேன், பார்த்தீர்களா? என் வாடகை வீட்டுக் கூரை ஒழுகுவது எனக்கு உடனே தெரிந்தது. நிபுணர்கள் பேட்டைபேட்டையாகத் தேடுகிற இரண்டு மக்கள் பிரிவுகள் எங்கள் வீட்டில் ஒரே கட்டிலில் படுத்திருந்தன. அதில் ஒன்று மற்றதன் போர்வையையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மாலை வேட்பாளர் ஒரு தட்டில் மஃபின்களோடு வந்தார். கேட்காமலேயே சப்பாத்தைக் கழற்றினார். பெருவிரல் கால்மேசின் ஓட்டையால் எட்டிப் பார்த்தது. பத்துப் பேர் வருவார்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தது, என்னோடு வேலை செய்கிற கோயம்புத்தூர்க்காரன் சேகர் மட்டும்தான். அவன் வந்ததும் ஸ்டெல்லா பொரிக்கிற இறைச்சிப் பற்றிஸுக்காக. இங்கே ஆளுக்கு இரண்டு வாக்கு, கட்சிக்கு ஒன்று, தொகுதி வேட்பாளருக்கு ஒன்று. அதில் சேகருக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. "அண்ணே, எங்க ஊர்ல ஒரு ஓட்டை வச்சுக்கிட்டே அஞ்சு கட்சியையும் ஆசை காட்டுவோம். ரெண்டு குடுத்தா எப்படிண்ணே?" என்று என் காதில் கடித்தான். "சும்மா இருடா, தலைவர் பேசப்போறார்," என்று தொண்டையைச் செருமினேன். இன்னும் வாக்கு வயது வராத என் மகள் ரேச்சல் மாடிப்படியில் உட்கார்ந்து, "டாட், திஸ் இஸ் சோ எம்பரசிங்," என்றாள். அவள் வழமையாகச் சொல்வதுதான்.

ஸ்டெல்லா பற்றிஸ் தட்டோடு வந்தபோது வேட்பாளர் எழுந்து நின்று நன்றி சொன்னார். நல்ல மனிதர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்த வீட்டு வாக்குகள் எல்லாம் எனக்குத்தான் என்று அன்ரன் சொன்னார். மிகப் பெரிய விஷயம்," என்றார்.

தட்டு அந்தரத்தில் நின்றது. சேகரின் கையும் அதற்கு நேரே அந்தரத்தில் நின்றது.

"அப்படியா சொன்னார்?" என்றாள் ஸ்டெல்லா, இல்லத்தில் வயோதிபர்களோடு பேசுகிற அமைதியான ஆங்கிலத்தில். பிறகு தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நான் செய்கிற வேலைக்கு உங்கள் கட்சி என்ன தரும்?" என்று கேட்டாள். என்ன வேலை என்றும் விபரமாகச் சொன்னாள். வேட்பாளர் முன்னே சாய்ந்து, "அது மிகவும் நல்ல கேள்வி," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவியைப் பாராட்டுகிறார் என்று சேகருக்குக் கண்ணைக் காட்டினேன். ஸ்டெல்லாவுக்கு இந்த நாட்டு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். நல்ல கேள்வி என்றால் பதில் இல்லை என்று அர்த்தம். அவள் தலையை ஆட்டிவிட்டு, "இன்னொரு பற்றிஸ் எடுங்கள்," என்றாள்.

அவர் போனபிறகு நான் கோப்பைகளைக் கழுவப் போனேன். கேட்காமல் கோப்பை கழுவுகிற கணவன் குற்றத்தை ஒப்புக்கொண்டவன் என்பது உங்களுக்குத் தெரியும்.

"இஞ்சருங்கோ, என்ர வோட்டை நீங்கள் ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான் ஸ்டெல்லா. தேத்தண்ணிக் கதை."

"உங்களுக்கு நான் அந்தப் பள்ளிக்கூடக் கதை சொன்னனான் எல்லே?"

சொல்லியிருக்கிறாள். கலியாணமான புதிதில் ஒருமுறை, சிரித்துச் சிரித்து. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு தேர்தல் அது. அவளுக்கு முதல் வாக்கு. வீட்டில் எல்லோரும் போகாதே என்றபோதும் நல்ல சட்டை போட்டு, தலைக்குப் பூ வைத்து, பயந்து பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். வாசலில் துவக்குகளோடு ஆட்கள். வரிசை என்று ஒன்றும் இல்லை. மேசையிலிருந்தவர் பெயரைப் பார்த்துவிட்டு, நிமிராமல், "உங்கட வோட்டு விழுந்திட்டுது பிள்ளை, வீட்டை போங்கோ," என்றாராம். யார் போட்டது, எதற்குப் போட்டது, ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் வாக்குச் சீட்டில் புள்ளடிதான் போடுவோம். கணக்குக் கொப்பியில் பிழைக்குப் போடுகிற அதே அடையாளம். யாரோ ஒருவர் அவளுக்காக ஒரு பிழை போட்டுவிட்டுப் போயிருந்தார். பூவைக் கழற்றி வேலியில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன் என்பாள். அதைச் சொல்லும்போதும் சிரிப்பாள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. "அங்க என்ர வோட்டைப் போட்டவன் ஆரெண்டு தெரியாது. இஞ்ச ஆளைத் தெரியுது. வேற என்ன வித்தியாசம்?"

சவர்க்கார நுரைக்குள் கையை விட்டு, கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன். இந்த நாடு வாக்கைத் தருவதற்குக் குடியுரிமை வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நிரந்தர வதிவிடம் கிடைத்து ஒரு வருடம் கழிந்ததும், எங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாமல், இந்தா என்று தந்துவிட்டது. அதை வாங்கிய ஸ்டெல்லா ஒவ்வொரு தேர்தலுக்கும் என்னிடம் வந்து, "எதுக்கு அப்பா போடுறது?" என்று கேட்டிருக்கிறாள். அதை நான் கீழ்ப்படிவு என்று நினைத்திருந்தேன். என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை, மதிய உணவு இடைவேளையில், வேட்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். எவ்வளவு ஒத்திகை பார்த்தும் வாய் குழறியது. "சேர், அன்று நான் கொடுத்த வாக்குகளைத் திரும்ப எடுக்கிறேன். மனைவியுடையது என்னிடம் இல்லை. நண்பர்களுடையது எப்போதுமே இருந்ததில்லை. என்னுடையதைப் பற்றி மட்டும் பேசலாம்." அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கவலைப்படாதே, அன்ரன். உன் வீட்டில் உன்னை மட்டும்தான் குறித்து வைத்திருந்தேன். அதுவும் 'மேபி' என்று," என்றார். தலைவர் பதவியிலிருந்து நான் இறங்கியதற்கு நாட்டில் வேறு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை.

தேர்தலன்று பின்னேரம் பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு இரண்டு பேரும் நடந்து போனோம். ஸ்டெல்லா நல்ல சேலை உடுத்தியிருந்தாள். முன்னாலும் பின்னாலும் அரைக்கால்சட்டைகள். மேசையிலிருந்த இளம்பெண் எங்கள் குடும்பப் பெயரைக் கண்டு மூச்செடுத்துக்கொண்டு, "அன்டோனி... பில்லோ?" என்றாள். அந்தோனிப்பிள்ளையாக வந்து தலையணையாகி நிற்கிறோம். ஸ்டெல்லாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. அந்தப் பெண் பட்டியலில் கீழே, கீழே போய், ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இதோ இருக்கிறீர்கள்," என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். ஸ்டெல்லா விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

அட்டையால் செய்த மறைப்புகளுக்குள் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். பழக்கதோஷத்தில் என் கழுத்து இரண்டங்குலம் நீண்டது. அவள் சோதனை மண்டபத்துப் பிள்ளை மாதிரி இடது கையை வளைத்துச் சீட்டை மூடிக்கொண்டாள். முழங்கையும் சேலைத் தலைப்பும்தான் தெரிந்தன. அவசரமே இல்லாமல் எழுதினாள். இரண்டு சரியடையாளம் போடுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்த ஒருவரை அந்த மண்டபம் அன்று கண்டிருக்காது. நான் என்ன போட்டேன் என்று கேட்காதீர்கள். நானும் இப்போது ரகசியக்காரன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடும் கொடிப் பக்கம் போனாள். யாழ்ப்பாணக் குருநகரில் அப்போது காலை. அவளுடைய தங்கை ஜெசி மீன் வெட்டிக்கொண்டிருக்கிற நேரம். "ஓமடி, ரெண்டும் நானே போட்டனான்! ஒண்டு வந்து..." என்று தொடங்கியவள், நான் காயாத துவாயை எடுக்க வருவதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து சிரிப்பு வந்தது. குருநகரிலிருந்தும் வந்தது.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜெசிக்கு எடுத்தேன்.

"ஜெசி, அக்கா எதுக்குப் போட்டவ?"

"அத்தான், அதெல்லாம் கேக்கக் கூடாது. சத்தியம் வாங்கிப்போட்டா."

"வேற ஆருக்கும் தெரியுமே?"

"சீச்சீ. எனக்கு, இவருக்கு, முன்வீட்டு மேரியக்காவுக்கு. மேரியக்கா சந்தைக்குப் போனவ, இன்னும் வரேல்லை."

அன்றிரவு தொலைக்காட்சியில் ஆக்லாந்து துண்டுதுண்டாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. நிபுணர் எங்கள் பகுதியில் விரலை வைத்து, இங்கே ஆசிய வாக்கு எப்படி நகர்ந்தது என்று விளங்கப்படுத்தினார். ஸ்டெல்லா என் பக்கத்தில், முழங்காலில் எண்ணெய் மணக்க, ஒன்றும் தெரியாதவள் மாதிரித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாக்கு எந்தப் பக்கம் போனதென்று, இந்தப் பெரிய நகரத்தில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கடலுக்கு அப்பால் குருநகரில் ஜெசியின் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு தெரியும்.