இருபதாம் நாள் பக்கங்கள்

பச்சைக் கைப்பிடி உறை போட்ட அந்த சைக்கிள் திருவள்ளூர் ஸ்டேஷன் வளைவில் திரும்புவது ஓரக்கண்ணில் தெரிந்தது. பார்சல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் தலையை நிமிர்த்தவில்லை. "ஏழு மணின்னா ஏழு மணி. இப்ப ஏழரை. ஊருக்கெல்லாம் சட்டம் போடுவியே, உனக்கு மட்டும் கிடையாதா?" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தேன். சைக்கிள் தேவசகாயத்தினுடையது. பிடித்துக்கொண்டு நின்றவர் அவருடைய மைத்துனர் அந்தோணி.

"மாமா பூட்டாரு சார்" என்றார். "வெடிகாலைல எழுதிகினு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சிகினு அப்படியே சாஞ்சிட்டாரு." சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதங்களை எடுத்து நீட்டினார். "இத உங்களாண்ட குடுக்கச் சொல்லிச்சு அக்கா. தெனம் குடுக்கறதாமே, இன்னிக்கும் குடுத்துடுன்னுச்சு."

வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன், என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. கையில் மை ஒட்டியது மட்டும் நினைவிருக்கிறது. நாற்பது வயதுகூட ஆகாத மனிதர். முந்தின நாள் காலை அதே பெஞ்சுக்கு முன்னால் நின்று என்னோடு சண்டை போட்டவர். இதை எழுதும் இன்றும் அது எனக்குப் புரியவில்லை.

தேவசகாயத்தை, திருவள்ளூர்க்காரர்களான உங்களில் பலர் காக்களூர் பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டியவராக அறிவீர்கள். சிலர் மாதா கோயிலில் நாற்காலி அடுக்குபவராக அறிவீர்கள். அவர் நாவல் எழுதினார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாங்கள் நாலு பேர். செவ்வாப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ரயிலில் போய்வரும் சரோஜினி டீச்சர், ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் ரங்கநாதன், தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருக்கும் நான், தேவசகாயம். நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு அடித்துக்கொண்டு பழக்கமானவர்கள். நாலு பேருக்கும் நாவல் எழுத ஆசை. நான் ஆறு வருஷமாக முதல் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவேன், படிப்பேன், கிழிப்பேன்.

ஒருநாள் அதைச் சொல்லப்போக, தேவசகாயம் சிரித்த சிரிப்பில் நூலகர் எழுந்து வந்துவிட்டார். "சார், லேத்துல ஒரு பீஸ மாட்டுனா மொதல்ல ரஃப் கட்டு போடணும். ஃபினிஷிங் அப்பால. நீ இன்னாடான்னா இரும்பத் தொடறதுக்கு முன்னாடியே பாலீஷ் போட்டுகினு கீற" என்றார். அப்புறம் அவரே சட்டம் போட்டார். முப்பது நாள். நாளைக்கு ஐந்து பக்கம். காலை ஏழு மணிக்குப் பார்சல் ஆபீஸ் பெஞ்சில் கூடி, அன்றைய பக்கங்களை ஜோடிக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எழுதியவருக்கு அவை முப்பதாம் நாள்தான் திரும்பக் கிடைக்கும். கையில் இல்லாததை எப்படித் திருத்துவது? எப்படிக் கிழிப்பது? வாங்கி வைத்திருப்பவரும் அதுவரை பிரித்துப் படிக்கக் கூடாது. டீச்சரும் ரங்கநாதனும் ஒரு ஜோடி. என் பக்கங்கள் தேவசகாயத்திடம் போயின, அவருடையவை என்னிடம் வந்தன.

ஷிப்டுக்கு முன்னால் அதற்காகவே காக்களூரிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். பக்கத்தைக் கொடுப்பார், வாங்குவார், ஒரு டீ, திரும்ப மிதிப்பார். பத்து வருஷத்துக்கு முன்வரை பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் அவருடையது. ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. மட்டமாக எழுதிவிடுவோமோ என்று எங்கள் மூவருக்கும் இருந்த வெட்கம் அவருக்கு மட்டும் இல்லை.

ஏழாம் நாள் ரங்கநாதன் மாட்டிக்கொண்டார். டீச்சரிடம் ஆசையாக, "மூணாவது அத்தியாயம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டார். படித்திருக்கிறார்! டீச்சருக்கு நாலு நாள் பேனா ஓடவில்லை. பிரமாதமான மூன்றாவதுக்குப் பிறகு எழுதுவதெல்லாம் மட்டமாகத் தெரிந்ததாம். தேவசகாயம் ரங்கநாதனை நிற்கவைத்துக் கேட்டார். "நல்லா கீதுன்னாலும் கை நின்னுடும், நல்லா இல்லன்னாலும் நின்னுடும். வாய மூடிகினு இருக்கறதுல இன்னாய்யா பேஜாரு உனக்கு?" ரங்கநாதன் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று முதல் நான் தேவசகாயத்தின் காகிதக் கட்டை அலமாரியில் பூட்டியே வைத்தேன்.

இன்னொரு பழக்கமும் அவர் கற்றுக்கொடுத்ததுதான். பட்டறையில் வேலை முடிந்து கிளம்பும்போது பீஸைக் கழற்றாமல் மெஷினிலேயே விட்டுவிட்டு வருவாராம். மறுநாள் கை தானாக வேலையில் இறங்கிவிடும் என்பார். அதேபோல எழுத்திலும் பாதி வரியில் நிறுத்தச் சொல்வார். "முடிச்சிட்டு எழுந்தா காலைல எங்க ஆரம்பிக்கறதுன்னு முழிக்கணும் சார். பாதில வுடு. அது உன்ன இழுக்கும்." நான் செய்து பார்த்தேன். இழுத்தது. ஆறு வருஷம் முதல் அத்தியாயத்தில் கிடந்தவன் பதினெட்டு நாளில் தொண்ணூறு பக்கம் எழுதிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் நின்றுபோனது. என் நாவலில் சபாபதி என்று ஒருவன். மனைவியை விட்டுவிட்டு ஓடிப்போய் ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வருகிறான். வீட்டு கேட் வரை வந்துவிட்டான். உள்ளே போவானா மாட்டானா என்று எனக்கே தெரியவில்லை. காலையில் வெறுங்கையோடு பெஞ்சுக்குப் போனேன்.

தேவசகாயத்துக்கு முகம் மாறிவிட்டது. "இன்னா சார், அந்தாள கேட்டாண்ட நிக்க வெச்சிட்டு நீ பாட்டுக்குக் கைய வீசிகினு வந்து நிக்கற?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சட்டென்று கோபம் வந்தது. "நாவல் என்ன போல்ட்டா, நட்டா? ஷிப்டுக்கு இத்தனைன்னு கடைஞ்சு தள்ள? உனக்கு அப்படித்தான் தெரியும்" என்றேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேவசகாயம் தன் ஐந்து பக்கத்தை என் கையில் கொடுத்தார். டீ குடிக்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆறரைக்கே போய்க் காத்திருந்தேன். அரைமணி நேரம் தாமதமானதும் மன்னிப்பு மறந்து கோபம் வந்துவிட்டது. அந்தோணியைப் பார்த்துக் கத்தியதுதான் மிச்சம்.

அடக்கம் முடிந்தது. யாரும் எழுதவில்லை. பெஞ்சுக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் ஜெபத்துக்கு நாங்கள் மூவரும் காக்களூர் போனோம். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். துக்க வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் தொண்ணூறு பக்கத்தையும் எப்படிக் கேட்டு வாங்குவது என்று யோசித்துக்கொண்டே போனேன். வேறு பிரதி என்னிடம் இல்லை. இப்படியும் ஒரு மனிதன்.

கேட்கவேண்டிய அவசியம் வரவில்லை. அவர் மனைவி ரோசம்மாவே டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கட்டை எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன். அவர் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ண்ணே, ஒண்ணு கேக்கலாமா? அந்த சபாபதி உள்ள போனானா இல்லியா?"

நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். ரங்கநாதன் வாயைப் பிளந்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. தெனம் சாயங்காலம் வேலைலேர்ந்து வந்ததும் இவருதான் படிச்சிக் காட்டுவாரு. யாராண்டயும் சொல்லாத, சொன்னா சாரு கை நின்னுடும்னாரு" என்றார் ரோசம்மா. "அன்னிக்கு நீங்க குடுக்கலியாம். எங்களுக்குள்ள ஒரே சண்டை. உள்ள போயிடுவான்னு நான் சொல்றேன். போவ மாட்டான், அப்படியே திரும்பிடுவான்னு அவரு சொல்றாரு."

சட்டம் போட்டவரே பதினெட்டு நாள் சட்டத்தை மீறியிருக்கிறார்! ரங்கநாதனை நிற்கவைத்துக் கேட்ட அதே வாரத்திலும் மாலையானால் என் கட்டைப் பிரித்திருக்கிறார். காலையில் அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ முகத்தில்கூடக் காட்டாமல் டீ குடித்திருக்கிறார். கேட் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பத்தொன்பதாம் நாள் கோபத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

கேட்கப் பயமாக இருந்தது. இருந்தும் கேட்டேன். "அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். போல்ட்டு, நட்டுன்னு. ஏதாவது சொன்னாராம்மா?"

"சொன்னாரு. சாருக்குக் கோவம் வந்துடுச்சு, நாளைக்கு எழுதிடுவாருன்னு சிரிச்சாரு. போல்ட்டா இருந்தா நானே ரெண்டு கடைஞ்சு குடுத்துட்டு வந்திருப்பேன், இது அவரு கையாலதான் ஆவணும்னாரு."

டீச்சர் அழுதுவிட்டார். நான் வெளியே போய் அவருடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் கிளம்பும்வரை ரோசம்மா கட்டைக் கொடுக்கவில்லை. "மீதியக் கொண்டாங்கண்ணே. சேத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் எழுதினேன். அழகு பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. மாலையில் ஆபீஸ் விட்டதும் காக்களூர் போய் ரோசம்மாவுக்கு வாசித்தேன். திருத்தாத பக்கத்தை என்னைப் பெற்ற தாய்க்குக்கூடக் காட்டாதவன் நான். கேட்டைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சபாபதியின் சின்ன வயது, அவன் ஓடிப்போன கதை என்று பின்னால் போய்ப் பக்கத்தை நிரப்பினேன். ரோசம்மா பொறுமையாகக் கேட்பார். முடிந்ததும், "அது சரிண்ணே. இப்ப அவன் உள்ள போனானா இல்லியா?" என்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களும் அதையே கேட்டார்கள். டீச்சரும் ரங்கநாதனும் மறுபடி பெஞ்சுக்கு வந்தார்கள். மூன்று பேர் காலை ஏழு மணிக்குக் கூடினோம். நாலாவது இடத்தில் யாரும் உட்காரவில்லை.

நாங்கள் குறித்திருந்த முப்பதாம் நாளன்று மாலை கடைசிப் பக்கங்களை வாசித்தேன். டீச்சரும் ரங்கநாதனும்கூட வந்திருந்தார்கள். சபாபதி கேட்டின் கொண்டியில் கை வைக்கிறான், எடுக்கிறான், மறுபடி வைக்கிறான். திறந்துகொண்டு உள்ளே போகிறான். வாசித்து முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன்.

ரோசம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "நான் சொல்லல? உள்ள போவான்னு நான் சொல்லல?" என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே தேவசகாயம் எழுதும் பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அவ்வளவுதான் இருந்தது. ரோசம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நான் கொண்டுபோயிருந்த தேவசகாயத்தின் கட்டைப் பிரித்தோம். டீச்சர் வாசித்தார். முடிய மூன்று மாலைகள் ஆயின. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண் வயல் வரப்பில் உட்கார்ந்து முதல்முறை பட்டறைச் சங்கு ஊதுவதைக் கேட்பதில் தொடங்கி, கடகடவென்று, எழுத்துப் பிழைகளோடு, எங்கும் நிற்காமல் ஓடுகிற கதை. இருபதாம் நாள் பக்கத்தில் அந்தப் பெண் கணவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். பாதி வரியில் நிற்கிறது. மறுநாள் தொடரத்தான் அப்படி நிறுத்தினாரா, நெஞ்சு வலி நிறுத்தியதா, தெரியாது. மீதியை நாங்கள் எழுதி முடிக்கலாமா என்று ரங்கநாதன் கேட்டார். ரோசம்மா வேண்டாம் என்றார். "அவரு கையாலதான் ஆவணும்" என்றார்.

என் கட்டை வாங்கிக்கொண்டேன். ரஃப் கட்டு முடிந்துவிட்டது, இனி ஃபினிஷிங். அவருடைய இருபது நாள் பக்கங்களும் ரோசம்மாவிடம் இருக்கின்றன, கடைசிப் பக்கம் ஒன்றைத் தவிர. அதை ரோசம்மாவே என்னிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்னார். அது என் மேஜையில் இருக்கிறது. காலையில் பேனாவை எடுக்குமுன் அந்தப் பாதி வரியை ஒருமுறை படித்துவிடுகிறேன். அப்புறம் எழுத உட்காருகிறேன்.