குறையில்லாத வண்டி

காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி, காரின் முன்கதவில் வைத்துப் பார்க்கிறார். ஒட்டுகிறது. ஒரு சாண் கீழே இறக்குகிறார். அங்கேயும் ஒட்டுகிறது. பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் வைத்ததும் காந்தம் நழுவி உள்ளங்கையில் விழுகிறது. தகரம் அரித்துப்போன இடத்தில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். "பாத்தீங்களா?" என்று விற்க வந்தவரிடம் கேட்கிறார், ஏதோ அவருக்கே நல்ல சேதி சொல்வதுபோல. "வந்தப்பவே நெனச்சேன்." முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

விடுமுறை நாள் என்றால் அவரை இப்படி ஏதாவது ஒரு பழைய சின்னக் காருக்கு அடியில்தான் பிடிக்க முடியும். படுத்துப் பார்ப்பதற்கு அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து மடித்து ஸ்கூட்டரில் கொண்டுபோவார். தரைவிரிப்பைத் தூக்கி முகர்வார். ஈரவாடை அடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் மேல் புறங்கையை வைப்பார். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுப்பார். பிடிக்கும். மறுபடியும் இழுப்பார். பழைய வண்டிகள் நிற்கும் தெருவில் அவருக்கு 'ஸ்கேன்' என்று பெயர். "ஸ்கேன் சார் வர்றாரு, நல்லா இருக்குற வண்டியை எல்லாம் உள்ள தள்ளுங்கப்பா. இவர் பாத்தா அதுக்கும் நோவு வந்துடும்" என்பார்கள், அவர் காதில் விழும்படியே.

பிழைப்புக்கு அவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டிக்கொண்டே சுழலும் கல்லின் முன்னால், முழங்கைவரை நனைந்து உட்கார்ந்திருப்பார். தேய்த்து முடித்த ஒவ்வொன்றையும் குழல்விளக்குக்கு நேரே பிடித்துக் கீறல் தேடுவார். கீறல் இல்லாவிட்டால் துடைத்துவிட்டு மறுபடியும் தேடுவார்.

வீட்டிலும் இதே கதைதான். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனைவரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவர். "இவருக்கு ஒரு நாள் பயப்பட ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னு வைங்க, ஏன் ஒண்ணும் இல்லன்னு பயந்துக்குவாரு" என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அவர் மறுக்கமாட்டார். நியாயம்தானே என்பதுபோல் தலையாட்டுவார்.

கார் அவருக்கு இல்லை. தங்கைக்கு. சிறுவயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய கால்கள் இரண்டும் பலமிழந்துவிட்டன. இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் நடுங்கும் அளவுக்குக் குரல், தோள்கள் இரண்டும் மல்யுத்தக்காரனுக்கு இருப்பதுபோல். தினமும் காலையில் அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார், சாயங்காலம் அழைத்து வருகிறார். வழியெல்லாம் "மேடு... மேடு வருது... கெட்டியாப் புடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். "மேடு வர்றது எனக்கும் தெரியுதுண்ணா, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்பாள். அடுத்த மேட்டுக்கும் சொல்வார்.

அந்தப் பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில் புதுக் கிளை தொடங்கியது. அதற்குத் தலைமை ஆசிரியையாகப் போகிறாயா என்று அவளைக் கேட்டார்கள். அவ்வளவு தூரம் அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்ப முடியாது. அன்று சாப்பாட்டு மேசையில் அவள்தான் சொன்னாள்: "ஒரு பழைய சின்னக் கார் பாருண்ணா. கையாலேயே ஓட்டுற மாதிரி மாத்திக்கலாம்."

ஏன் பழைய கார் என்பதை மெக்கானிக் விளக்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டி மாற்றிக் கொடுத்துப் பழகியவர் அவர். புது வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர். ஒரு வயரைத் தொட்டால் ஒன்பது விளக்கு எரிந்து மிரட்டும். பழைய வண்டியில் ஆக்சிலரேட்டர் என்பது வெறும் கேபிள்தான். அதை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடிக்குக் கொண்டுவந்துவிடலாம். இழுத்தால் வேகம், தள்ளினால் பிரேக். கிளட்ச் மட்டும் இருக்கக்கூடாது, கியர் தானாக மாறவேண்டும். அப்படிப்பட்ட சின்ன வண்டிகள் அந்தக் காலத்தில் கொஞ்சம்தான் வந்தன. கதவு அகலமாகத் திறக்கவேண்டும், இருக்கை அவள் இடுப்பு உயரத்துக்கு இருக்கவேண்டும், ஊன்றுகோல் வைக்க இடம் வேண்டும்.

இவ்வளவு நிபந்தனைக்குப் பிறகும் வண்டிகள் கிடைக்கத்தான் செய்தன. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நொட்டை இருந்தது. ஒன்றில் ஹார்ன் சத்தம் பத்தாது. ஒன்றில் கண்ணாடி சின்னது. ஒரு வண்டியில் எதுவுமே அகப்படாதபோது, "விக்கிறவன் ரொம்பச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான், சரியா வராது" என்று திரும்பி வந்துவிட்டார்.

பிறகுதான் அந்த வெளிர்நீல வண்டி வந்தது. வயதான பல் டாக்டர் அம்மா ஒருவருடையது. கண்ணாடிக் கடைக்குப் பவர் மாற்ற வந்தவர், இனிமேல் ஓட்டுவது ஆபத்து என்று கண் டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அவர் வீட்டுக் கொட்டகையில் வண்டி துணிமூடி நின்றது. இவர் மெக்கானிக்கையும் அழைத்துப் போயிருந்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. விரிப்பை முகர்ந்தால் காய்ந்த துணி வாடைதான். எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டு, பேசுவது கேட்கும் அளவுக்கு அமைதியாக ஓடியது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவர் முகம் தொங்கிக்கொண்டே போனது.

"எடுத்துடலாம் சார். இந்த மாதிரி வண்டி இனிமே பொறந்து வந்தாத்தான் உண்டு" என்றார் மெக்கானிக்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "அதான் பயமா இருக்கு."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் கேட்டதற்கு, "அடியில துரு" என்றார்.

மறுநாள் மெக்கானிக் தங்கைக்கே போன் போட்டுவிட்டார். "டீச்சர், வண்டி தங்கம். அண்ணன் எதுக்கு வேணாம்ங்கறாரு, எனக்குப் புரியல."

சாயங்காலம் அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்காரும்வரை அவள் காத்திருந்தாள்.

"துரு எந்த இடத்துலண்ணா?"

"அடியில."

"அடியிலன்னா?"

அவர் தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"துரு இல்ல" என்றார் கடைசியில். "ஒரு கோளாறு இருந்தா அதை என்னன்னு பாத்துச் சரி பண்ணலாம். ஒண்ணுமே இல்லன்னா, அடுத்து நீதான் ஏறி ஓட்டணும். நான் பின்னாடியே ஓடி வர முடியுமா? லாரிக்காரன் எல்லாம் எப்படி வர்றான்னு பாக்குறல்ல?"

தங்கைக்குக் கோபம் வரும் என்றுதான் அண்ணி நினைத்தாள். அவள் குரல் இறங்கித்தான் வந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும்ணா. முடியாதுன்னு சொல்லிடறேன். ஏன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? வண்டி ரொம்ப நல்லா இருந்துச்சுன்னா?"

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். மறுநாள் கடையில் ஒரு லென்ஸை ஓரம் உடைத்தார். அவர் கையில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. மத்தியானம் பல் டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தபோது, "இன்னொருத்தர் வந்து பாத்துக்கிட்டு இருக்காரே" என்றார் அவர். இதுநாள்வரை வண்டி கிடைத்துவிடுமோ என்று பயந்தவருக்கு, கிடைக்காமல் போய்விடுமோ என்று ஒரு புதுப் பயம். முதலாளியிடம்கூடச் சொல்லாமல், ஈரக் கையோடு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கொட்டகையில் ஒரு வாலிபன் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். பல் டாக்டர் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ வாங்கி என்ன பண்ணப் போறப்பா?" என்று அவனைக் கேட்டார்.

"உயரத்தைக் கொறச்சு, பெரிய சைலன்சர் போட்டு, கறுப்பு அடிச்சுடுவேன்மா. ரோட்டுல போனா எல்லாரும் திரும்பிப் பாக்கணும்."

"நீங்க?" என்று இவர் பக்கம் திரும்பினார்.

எந்த வாக்கியத்தையும் 'பாக்கலாம்' என்றே முடிக்கிற மனிதர், ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "பிரேக், ஆக்சிலரேட்டர் ரெண்டையும் கைக்குக் கொண்டுவரப் போறோம்மா. என் தங்கச்சிக்குக் கால் வராது. அவ ஓட்டப் போறா." சொல்லிவிட்டு, யாரோ சொன்னதைக் கேட்டதுபோல் நின்றார். வீட்டிலேகூட அந்தக் கடைசி மூன்று சொற்களை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வாலிபன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். "நீங்க எடுத்துக்கங்க சார். நான் வேற பாத்துக்கறேன்." வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "டயரை மட்டும் அகலமா மாத்திடாதீங்க. ஸ்டீயரிங் கனத்துடும், அவங்களுக்குத் தோள் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை தங்கை சரி என்று சொன்னாள்.

அதன்பிறகு மெக்கானிக்கின் பட்டறையில் அவர் செய்த அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. பற்றவைத்த இடத்தை எல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். வேகம் தானாகக் குறைய ஒரு ஸ்பிரிங் இருக்கிறது என்றார் மெக்கானிக். "அந்த ஸ்பிரிங் அறுந்தா?" என்றார். இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங் போடவைத்தார். "சார், இது கார் சார். நிலாவுக்கு அனுப்பப் போறதில்ல" என்று மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் போட்டார், போட்டபிறகு, அடுத்து வரும் வண்டிகளுக்கும் இரண்டே போடுவது என்று வைத்துக்கொண்டார்.

கைப்பிடியின் குமிழை மட்டும் யாரையும் செய்யவிடவில்லை. தங்கையை மெழுகு உருண்டை ஒன்றை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த அச்சைக் கடைக்கு எடுத்துப் போனார். கெட்டியான மரத்துண்டை அந்த அச்சுக்கு ஏற்ப, லென்ஸ் தேய்க்கும் கல்லிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். பொருத்தியதும் அவள் பிடித்துப் பார்த்தாள். ஊன்றுகோல் பிடித்துக் காய்த்துப்போன இடம் எங்கும் உரசவில்லை. அவள் குமிழை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாகன அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். பயிற்சிப் பள்ளிக்காரர் சொல்லிக்கொடுத்தார். தேர்விலும் தேறிவிட்டாள். அப்படியும் அண்ணன் பக்கத்து இருக்கையைவிட்டு இறங்குவதாக இல்லை. புதுப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆலை ஒன்றின் வெளியே லாரிகள் நிற்கும் காலி மைதானத்துக்கு அவர் மனைவியையும் சேர்த்து மூவரும் போனார்கள். நாலைந்து சுற்று சுற்றியபிறகு அவள் வண்டியை நிறுத்தினாள்.

"எறங்குண்ணா."

"ஏன், என்ன சத்தம்?"

"ஒரு சத்தமும் இல்ல. நீயும் அண்ணியும் எறங்குங்க. ஒரு சுத்து நான் மட்டும் போயிட்டு வரேன்."

அவர் இறங்கினார். அவள் பெல்ட்டை ஜன்னல் வழியாகக் கைவிட்டு இழுத்துப் பார்த்தார். நாலு சக்கரத்தையும் சுற்றிவந்தார். பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். "போயிட்டு வா" என்று சொல்ல வாயெடுத்து, இருமினார். வண்டி நகர்ந்தது.

நீல வண்டி மைதானத்தின் மறுகோடியை நோக்கிச் சிறிதாகிக்கொண்டே போனது. அங்கே சுவர் இருந்தது. அதற்கு முன்னால் அவள் வேகத்தைக் குறைத்துத் திரும்பவேண்டும். இப்போது கத்தப் போகிறார் என்று மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கத்தவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். வலது கால் மட்டும், செருப்பின் நுனி சரளைக்கல்லுக்குள் புதையப் புதைய, தரையைப் பிரேக்போல் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.