சப்பரம் திரும்பாத தெரு

பங்குச் சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் நடத்துவதும், அவர் வந்து போன பிறகு அவருடைய பிரசங்கத்துக்குப் பதில் சொல்வதும்தான் உபதேசியார் வேலை. கிளைக் கிராமத்தில் இந்த வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு முந்திரிக்காட்டு ஊரில் இருந்தேன். கோயில் ஒன்று, தெரு இரண்டு. மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள். கீழத்தெருவில் அந்த நிலத்தில் பாடுபட்டவர்களின் பிள்ளைகள். நானும் கீழத்தெருதான். திருவிழாச் சப்பரம் மேலத்தெருவைச் சுற்றிவிட்டு, எங்கள் தெருமுனையைத் தாண்டி நேரே கோயிலுக்குப் போய்விடும். ஒரு வருஷம் உள்ளே வரச் சொல்லிக் கேட்டோம். நாங்கள் கட்டிய தோரணத்தை அறுத்துப் போட்டார்கள்.

சமாதானம் சொல்லும் நேரம்

பூசையில் சமாதானம் சொல்லும்போது அவரவர் பக்கத்தில் நிற்பவரைக் கும்பிடுவோம். நடுப்பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பாதையைத் தாண்டி யாரும் கும்பிட்டதில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் ஆரோக்கியமேரி அக்கா ஒருநாள் திரும்பி, மேலத்தெரு நாட்டாமையைக் கும்பிட்டார். அவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "அவர் திரும்பவே இல்லையே அக்கா" என்றேன்.

"வாராவாரம் கும்பிடத்தான் போறேன். அவரு கழுத்து எத்தன நாளைக்குத் தாங்குதுன்னு பாக்கறேன்."

தவக்காலப் பாடம்

தோரணத்தை அறுத்த கோபம் ஆறவில்லை என்று, கீழத்தெருவுக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் நடத்தச் சொன்னார் சாமியார். நடத்தினேன். அடிபட்டவனுக்கே எப்போதும் இந்தப் பாடம் என்பது எனக்கும் உறுத்தியது. ஜெபம் முடிந்ததும் அக்காவின் கணவர் சின்னப்பன் எழுந்தார்.

"மன்னிச்சாச்சுங்க உபதேசியாரே, மனசாரத்தான். இப்ப மேலத்தெருவுக்குப் போயி, மன்னிப்பு எப்படிக் கேக்கறதுன்னு ஒரு பாடம் எடுத்துட்டு வாங்க."

ஒரே துண்டு

மேலத்தெருவுக்குப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது உபதேசியார் பாடு. எல்லோரும் வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்த காலைத்தான் கழுவக் கொண்டுவருவார்கள். இரண்டு தெருவையும் கலந்து உட்கார வைக்கச் சொன்னார் சாமியார். சின்னப்பனுக்கு அடுத்து நாட்டாமை. சின்னப்பன் காலைத் துடைத்த துண்டோடு சாமியார் நகர்ந்ததும், நாட்டாமை காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "வேற துண்டு எடுங்க சாமி."

சாமியார் முழங்காலிலேயே இருந்தார். துண்டை மாற்றவில்லை. சின்னப்பன் குனிந்து சொன்னார்:

"எங்காலு சுத்தமாயிருச்சுங்க. நீங்க பயப்படாம நீட்டுங்க."

நின்றுபோன சப்பரம்

நாட்டாமை காலை நீட்டினார், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு.

அந்த வருஷத் திருவிழாவில் சப்பரம் தூக்க ஆள் போதவில்லை. மேலத்தெருப் பையன்கள் பாதிப் பேர் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். பின்பக்கம் தோள் கொடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். கொடுத்தோம். எங்கள் தெருமுனையில் முன்பக்கத்தார் நேரே நடக்கப் பார்த்தார்கள், பின்பக்கத்தார் நின்றுவிட்டார்கள். சப்பரம் அசையவில்லை.

"என்னடா வம்பு?" என்றார் நாட்டாமை.

"வம்பு இல்லீங்க. ஜெபமாலை சொல்லிக்கிட்டு நிக்கறோம்" என்றார் சின்னப்பன்.

"உங்க தெரு குறுகல். சப்பரம் சிக்கிக்கும்."

"சிக்குனா தூக்கிக்கறோம்ங்க."

பெண்கள் ஜெபமாலையின் அடுத்த மணியைத் தொடங்கினார்கள். இறக்கவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் முன்பக்கத்தார் தோள் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சாமியாரும் எங்களோடு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் நாட்டாமை, "திருப்புங்கடா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மெழுகுவத்தி. ஆரோக்கியமேரி அக்கா அழுதுகொண்டே பாடினார். தெருக்கோடியில் நாட்டாமை நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்:

"தெரு அகலமாத்தான்யா இருக்கு."

ஒரு மேலத்தெரு நாட்டாமையின் மன்னிப்பு இவ்வளவு நீளம்தான் இருக்கும் என்றும், அதையும் தோளில் பாரத்தோடு நின்றுதான் வாங்க வேண்டும் என்றும் உபதேசியார் பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.