அவன் சாப்பிடவே இல்ல

இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை மகன் தகப்பனிடம் சொல்ல வாயைத் திறப்பான். சரியாக அந்த நேரத்தில் வெல்மா ஸ்டானெக் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்துவார்.

"பாரு, அவன் சாப்பிடவே இல்ல."

திரையில் முள்கரண்டி பாதி வழியில் உறைந்து நிற்கும். வெல்மா நாற்காலியிலிருந்து எழுந்து போய் தொலைக்காட்சியின் மேல் விரலை வைத்துக் காட்டுவார். "உருளைக்கிழங்க இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தள்ளுறான். அப்புறம் அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம். மூணு நிமிஷமா இதே வேலை. ஒரு வாயாவது உள்ள போச்சா?" அந்த இடத்தில் அவருடைய விரல் ரேகை நிரந்தரமாகப் படிந்திருக்கிறது. படத்தில் வரும் அம்மாவின் முகத்தில் ஒரு மரு மாதிரி அது தெரியும்.

பதினோரு வருடமாக, 'தேங்க்ஸ்கிவிங்' என்கிற நன்றித் திருநாள் ஒவ்வொன்றின்போதும் இதே படம், இதே இடத்தில் இதே நிறுத்தம். பண்டிகைக்காகக் கூடும் ஒரு குடும்பத்தின் கதை அது. மகன் தகப்பனிடம் என்ன சொன்னான் என்று கூட உட்கார்ந்து பார்க்கும் எங்கள் மூவரில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மன்னிப்புக் கேட்டான் என்கிறார் ரோலி. வீட்டை விற்றுவிட்டதைச் சொன்னான் என்கிறார் மார்வா.

வெல்மா எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் தலைமைச் சமையல்காரர். ஊர் ஒஹையோவில், ஏரிக்கரையில். இருபத்திரண்டு வருடமாகத் தினம் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறார். உருளைக்கிழங்கு மசியலை ஐஸ்கிரீம் கரண்டியால் எடுத்து, தட்டின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி இறக்குவார். தன் வீட்டில், நாலு பேருக்குப் பரிமாறும்போதும் அதே கரண்டி, அதே இரண்டு தட்டு. மூன்றாவதாகத் தட்டும் சத்தம் கேட்டால் அவருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்று பொருள். எனக்கு இதுவரை இரண்டு முறை கேட்டிருக்கிறது.

பள்ளியில் சாப்பாடு முடிந்ததும் அழுக்குத் தட்டுகள் திரும்பி வரும் ஜன்னலில் போய் நிற்பார். அது அவர் வேலையே இல்லை. ஆனாலும் நிற்பார். எந்தப் பிள்ளை எதை மிச்சம் வைத்தது, எதை மறைத்தது, எதைத் துடைத்து நக்கியது எல்லாம் பார்ப்பார். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் மாட்டார். எனக்குப் பதிமூன்று வயதானபோது, முழு சாப்பாட்டுக் கூடமும் கேட்க, "இந்தப் பொண்ணு மூணு நாளா பட்டாணிய ரொட்டிக்கு அடியில ஒளிச்சு வைக்குது, யாரையோ காதலிக்குது போல" என்று அறிவித்தார். பட்டாணி கெட்டுப்போயிருந்தது என்பதுதான் காரணம். காதலும் உண்மைதான். ஆனால் அதற்கும் பட்டாணிக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது நான். அங்கே ஒரு அரையாண்டு சினிமாவைப் பற்றிப் படித்தேன். திரும்பி வந்து அதே பள்ளியில் நூலக வேலையில் சேர்ந்த வருடம், வெல்மா படத்தை நிறுத்தியபோது பொறுக்காமல் விளக்க ஆரம்பித்தேன். கேமரா மெதுவாக மகனை நெருங்குகிறது, ஜன்னல் வெளிச்சம் தகப்பன்மேல் மட்டும் விழுகிறது, இதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறது என்று கால்மணி நேரம் பேசினேன். வெல்மா கடைசிவரை கேட்டார். பிறகு, "ஆமா கண்ணு, ஆனா அந்த வான்கோழி ஆறிப்போய் ரெண்டு நாளாச்சு. தோலப் பாரு, வார்னிஷ் அடிச்சிருக்கான்" என்றார்.

அன்றிலிருந்து ரோலிக்கு நான் 'காலேஜு'. ரோலி டீக் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், மனைவி இறந்தபின் இந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு நிரந்தர விருந்தாளி. "ஏ காலேஜு, வார்னிஷுக்கு என்ன அர்த்தம்னு உங்க வாத்தியாரு சொல்லலியா?" என்று இன்றுவரை கேட்கிறார். அந்தத் தோலைப் பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். வார்னிஷ்தான். சினிமாவில் வெளிச்சத்தின் அர்த்தத்தைப் பற்றி எட்டுப் பக்கம் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.

தொலைக்காட்சிச் சமையல் போட்டிகள் என்றால் வெல்மாவுக்கு இன்னும் ஆத்திரம். "ஒரு கரண்டி வாயில வச்சிட்டு ஒம்போது நிமிஷம் பேசுறான். பாத்திரம் கழுவுறது யாருன்னு ஒரு தடவ காட்டுறானா?" என்பார். ஆனால் ஒரு பாகத்தையும் விடுவதில்லை. குறிப்பு எழுதிச் சமைப்பவர்கள் சமைக்கத் தெரியாதவர்கள் என்பது அவர் கட்சி. வான்கோழியின் வயிற்றுக்குள் வைக்கும் ரொட்டிப் பூரணத்துக்கு எவ்வளவு சேஜ் இலை, எவ்வளவு உப்பு என்று கேட்டால், "நாக்கு போதும்னு சொல்ற வரைக்கும்" என்பார். கிள்ளி வாயில் போடுவார், கண்ணை மூடுவார், இன்னும் கொஞ்சம் தூவுவார். இதை எந்தக் காகிதத்தில் எழுதிக்கொள்வது?

இந்தப் பூரணம் ஒன்பது வருடச் சண்டை. மார்வா கெய்ன்ஸ் அலபாமாவிலிருந்து வந்தவர், பள்ளிச் சமையலறையில் வெல்மாவுக்கு அடுத்த இடம். அவர் ஊரில் இதற்குப் பெயரே வேறு. சோள ரொட்டியில் செய்வார்கள், பறவைக்குள் திணிக்காமல் தட்டில் தனியாகச் சுடுவார்கள். "கோழி வயித்துக்குள்ள கைய விட்டு அடைக்கிறதுக்கு இது என்ன தலகாணியா?" என்பார் மார்வா. "உன்னோடது கேக்கு. அதுக்கு மெழுகுவர்த்தி வச்சு ஊது" என்பார் வெல்மா. ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட மார்வாவின் தட்டு இந்த வீட்டு மேசைக்கு வந்ததில்லை. இது வெல்மாவின் வீடு, வெல்மாவின் அடுப்பு.

சாப்பிடுவதற்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்வது வழக்கம். ரோலி வருடா வருடம் தன் பேருந்தின் பிரேக்குக்கு நன்றி சொல்வார். முதியோர் இல்லத்தில் பண்டிகை நாள் வேலையை விரும்பி எடுத்துக்கொள்ளும் என் அம்மாவுக்கு நான் சொல்வேன். மார்வா தன் அக்காள் தங்கைகளில் ஆரம்பித்து ஜெபம் மாதிரி நீட்டுவார். கடைசியில் எல்லோரும் வெல்மாவைப் பார்ப்போம்.

"நான் அப்புறம் சொல்றேன். கிரேவி ஆறுது."

அப்புறம் சொன்னதில்லை. நான் அறிந்த பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை.

இந்த வருடம் அக்டோபரில் வெல்மாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. அவர் வேலைக்குத் திரும்பிய வாரம் பள்ளியில் பீன்ஸ் சூப் தட்டுத் தட்டாகத் திரும்பி வந்தது. நானும் அதைக் குடித்தேன். உப்பு. பீன்ஸ் கொண்டுவருகிறவனை மாற்றிவிட்டார்கள் என்றார் வெல்மா. அடுத்த வாரம் சூப் பழையபடி ஆனது. நானும் மறந்துவிட்டேன்.

நன்றித் திருநாள் அன்று மாலை நாலு மணிக்கு, டெட்ராய்ட் அணியின் ஃபுட்பால் ஆட்டம் முடிந்து, மடக்கு மேசைகளைத் தொலைக்காட்சி முன்னால் போட்டு உட்கார்ந்தோம். டின்னிலிருந்து அப்படியே வழுக்கி இறங்கிய கிரான்பெர்ரி ஜெல்லி, டின்னின் வளையங்களோடு தட்டில் நின்றது. நன்றிகள் சொல்லி முடிந்தன. "நான் அப்புறம்" என்றார் வெல்மா. படம் ஓட ஆரம்பித்தது.

பூரணத்தில் முதல் வாய் வைத்தேன். விழுங்க முடியவில்லை. கடலில் நனைத்த ரொட்டி. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தால், ரோலி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ரோலி பூரணத்தைக் கிரான்பெர்ரிக்கு அடியில் நகர்த்தினார். நான் என் பங்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினேன். மார்வா ஒரு கவளத்தைக் கைதுடைக்கும் காகிதத் துணிக்குள் இறக்கி மடித்தார். வெல்மா மட்டும் நிதானமாக, ரசிப்பவர் போல, தன் தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அக்டோபர் சூப் நினைவுக்கு வந்தது.

சொல்லியிருக்கலாம். வெல்மாவை எத்தனையோ விஷயத்தில் திருத்தியவள் நான். கேமரா கோணத்துக்குக் கால்மணி நேரம் எடுத்தவளுக்கு, 'உப்பு' என்ற ஒரு சொல் வரவில்லை. நாக்கு செத்த சமையல்காரிக்கு எந்தப் பள்ளியும் தலைமை இடம் கொடுக்காது. தட்டு கழுவும் பக்கம் அனுப்புவார்கள். அந்த இடம் அடுத்து வருவது மார்வாவுக்கு. வெல்மா யாரிடம் சொன்னாலும் மார்வாவிடம் சொல்லியிருக்க மாட்டார்.

திரையில் மகன் வாயைத் திறந்தான். ரிமோட் எழுந்தது, படம் நின்றது. பழக்கத்தில் நாங்கள் மூவரும் பெருமூச்சு விட்டோம்.

வெல்மா தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. ரோலியின் தட்டைப் பார்த்தார். பிறகு என்னுடையதை. பிறகு மார்வாவின் மடியில் மடித்து வைத்திருந்த காகிதத் துணியை.

"யாருமே சாப்பிடல," என்றார்.

காலையில் நிறையச் சாப்பிட்டுவிட்டேன் என்று ரோலி ஆரம்பித்தார். "ரோலி, இருபத்ரெண்டு வருஷமா தட்டு பாக்குறேன். உன் பொய்ய பஸ்ஸுல போய்ச் சொல்லு." வெல்மாவின் குரல் உயரவில்லை. "உப்பா?"

நான் தரையைப் பார்த்தேன். மார்வாதான் பதில் சொன்னார்.

"உப்பு."

"எவ்ளோ?"

"வாயில வைக்க முடியல, வெல்மா."

வெல்மா தன் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சலுக்குப் பிறகு நாக்கில் எதுவும் தெரியவில்லை, காப்பி வெறும் சுடுதண்ணி என்று அந்தத் தட்டிடம் சொல்வது போலச் சொன்னார். ஆனால் முதல் வாரத்துக்கு அப்புறம் கைக்குப் பழக்கம் வந்துவிட்டது, ஸ்கூலில் ஒரு தட்டும் திரும்பி வரவில்லையே, கை மறக்கவில்லை என்றல்லவா நினைத்தேன் என்றார்.

மார்வா காகிதத் துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். "நீ பரிமாற நிப்ப இல்ல, அதுக்கு முன்னாடி பாத்ரூம் போவ. தினம் பதினொண்ணு இருபதுக்கு. அப்ப நான் கரண்டிய விட்டுப் பாத்துருவேன். சில நாளு தண்ணி ஊத்துவேன். சில நாளு ரெண்டு கிழங்கு."

"அஞ்சு வாரமா?"

"ஆறு."

"இன்னிக்கு காலைலயே வந்தியே. அடுப்படியில தான நின்ன."

"அது ஸ்கூல் அண்டா. இது உன் சட்டி. நான் எப்படிக் கை வைக்கிறது?"

வெல்மா பூரணப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அது குப்பையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனை, காய்ந்த ரொட்டியைப் பிய்க்கும் சத்தம். மார்வா எழுந்து போவார் என்று நினைத்தேன். அழைக்காமல் இன்னொருத்தி அடுப்புப் பக்கம் போகிறவர் அல்ல அவர். திரையில் மகன் வாயைத் திறந்தபடி நின்றிருந்தான்.

ரோலிக்கு அமைதி ஆகாது. "வெல்மா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், "நன்றி சொல்ற முறை உனக்கு இன்னும் பாக்கி இருக்கு."

"அப்புறம் சொல்றேன்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆறு வாரம் ஒருத்தி உன் மானத்தைக் காத்திருக்கிறாள், நாளின் பெயரே நன்றி, இன்னும் என்ன அப்புறம்? எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. அதற்குள் அவரே வெளியே வந்தார். இடுப்பில் பாத்திரம், கையில் கரண்டி. கரண்டி பழக்கத்தில் அவர் வாய்ப்பக்கம் போய், பாதியில் நின்றது.

ரோலியைத் தாண்டி, என்னைத் தாண்டி, மார்வா முன்னால் போய் நின்றார். கரண்டியால் கொஞ்சம் எடுத்து, கீழே சிந்தாமல் இன்னொரு உள்ளங்கையை அடியில் குழித்துப் பிடித்து, நீட்டினார். மார்வா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். மென்றார்.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.

வெல்மா உள்ளே போய்த் தூவிக் கலந்து திரும்பி வந்தார். மறுபடியும் கரண்டி, மறுபடியும் அடியில் குழித்த கை. மார்வா மெல்லும்போது வெல்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கண்ணைச் சுருக்கி, அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே இறங்குகிறதா என்று.