நாலு மணி நேரத் தூக்கம்

"நான் நாலு மணி நேரம்தான் தூங்குவேன்" என்று கல்லூரியில் பெருமையடித்துக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிப்பவள் நான்தானே! ஜூஜுவாடியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. நள்ளிரவு தாண்டி நான் படித்து முடிக்கும்வரை லைட் எரியும். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ் பிடிப்பார்.

ஒருநாள், அம்மாவோடு வேலை செய்யும் மஞ்சு அக்கா என்னை நிறுத்தினார். "உங்கம்மா மிஷின் முன்னாடி தூங்குதுன்னு சூப்பர்வைசர் ரெண்டு தரம் திட்டிட்டாரு. இன்னொரு தரம்னா வேலையே போயிடும். நீ மார்க் வாங்க அது ஏன்டி முழிக்கணும்?"

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். "லைட்டு என்னை ஒண்ணும் பண்ணல. நீ படி பாப்பா" என்று சிரித்தார். கண்கள் சிவந்திருந்தன.

இப்போது ஒன்பது மணிக்கே லைட்டை அணைத்துவிடுகிறேன். அம்மா கிளம்பியபின் படிக்கிறேன். ஒரே பாயில் படுப்பவள் நான். அம்மா தூங்கவில்லை என்பதை எனக்குச் சொல்ல வேறொருவர் வேண்டியிருந்தது.