அண்ணன் வண்டியின் ஊளை

அந்தக் காரில் இருவர்தான் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துப் போட ஒரு கித்தான் இருந்தது, அதிலும் ஓட்டை. பட்டணத்தில் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியின் வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குக் கப்பல் ஏறும்போது வாங்க ஆளில்லாமல் அண்ணன் தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பந்தயம் ஓடியது என்று அண்ணன் பெருமையாகச் சொல்வான். கவரைப்பேட்டையைத் தாண்டி வயலுக்கு நடுவில் இருந்த எங்கள் வீட்டுக்கு அதை அவன் ஓட்டிக்கொண்டு வந்த அன்று, நைனா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"இதுல ரெண்டு மூட்ட நெல்லு ஏத்த முடியுமாடா?"

"முடியாது நைனா."

"அப்ப இது வண்டி இல்லடா, ஊட்டு மாப்பிள்ள. சொகுசா குந்திக்கினு துன்னும், ஒரு வேலைக்கும் ஆவாது."

ஆனைக்குத் தீனி போடுகிற மாதிரி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே போட்டான்.

அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகப் போகும்போது வாயைத் திறக்காது. பெட்ரோல் மிதியிலிருந்து பாதத்தைத் தளர்த்தினால்தான் பின்பக்கத்திலிருந்து ஊளை கிளம்பும். பின் அச்சின் நடுவே குடம் மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரமும் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரமும் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு சுற்றும். இரண்டும் தேய்ந்துபோனதால் வந்த சத்தம் அது. வீட்டுக்கு வருகிறவன் பெரிய ரோட்டிலிருந்து திரும்ப வேகத்தைக் குறைப்பான் அல்லவா, சரியாக அங்கே தொடங்கும். வயல் வெளியில் தடுக்க ஒன்றுமில்லை, வீடு வரைக்கும் கேட்கும். கேட்டதும் நைனா போய் மூங்கில் படலைத் திறப்பார். அண்ணி அடுப்பில் உலை வைப்பார். அண்ணன் வந்து கைகால் கழுவி உட்காரும்போது சோறு வெந்திருக்கும். ஹாரன் அடிக்க வேண்டிய தேவையே அவனுக்கு வந்ததில்லை.

அண்ணன் அந்தக் காரில் அடிபட்டுச் செத்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. மஞ்சள் காமாலை. கண்ணில் மஞ்சள் ஏறியதைப் பார்த்தோம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பட்டணத்துக்கும் கொண்டுபோனோம். வண்டி மாட்டுக் கொட்டகையில் கித்தான் போர்த்தி நின்றது. அவன் திரும்பி வரவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத அண்ணியை அழைத்துப்போக, பொதட்டூர்பேட்டையிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். வாத்தியார் பயிற்சிக்குச் சேர்த்துவிடுகிறேன், இங்கே உட்கார்ந்து இன்னா பண்ணப் போறே என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் அண்ணி. அடுத்த முறை வந்தபோதும் அதே பார்க்கலாம்தான். எங்களில் யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ரயிலிலேயே போய் வரலாம். ஆனால் நைனா, "அண்ணன் வண்டி கீதே, எடுத்துக்கினு போ. நின்னா துருப் புடிச்சிடும்" என்றார். எடுத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் ரோட்டிலிருந்து திரும்பினேன். ஊளை கிளம்பியது. நான் போய்ச் சேரும்போது படல் திறந்திருந்தது. நைனா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகத்தில் பழைய வெளிச்சம். நான் இறங்கினேன். அந்த வெளிச்சம் அணைந்ததை நான் பார்த்துவிட்டேன் என்பது தெரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. தினமும் அந்த வீட்டுக்குள் யாரோ ஒருவன் வந்துகொண்டிருந்தான், இறங்குகிறவன் மட்டும் நானாக இருந்தேன். இலவு காத்த கிளி என்பார்கள். அந்தக் கிளிக்காவது ஒரு நாள் பஞ்சு பறந்தது தெரிந்தது. இங்கே தினமும் பழுத்தது, தினமும் பறந்தது.

பிறகுதான் உடைய ஆரம்பித்தது. பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்பு ராடு ஒரு நாள் கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒடிந்தது. மாற்றினேன். அடுத்து மறுபக்கத்து ராடு. அதையும் மாற்றினேன். அப்புறம் பேரிங். அப்புறம் முதலில் மாற்றிய ராடே திரும்பவும். புதுவாயல் கூட்டு ரோட்டில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரிக்கு என் தலையைக் கண்டாலே சிரிப்பு வரும்.

"பல்லு தேஞ்சி நடுவுல சந்து உழுந்துடுச்சிபா. நீ கிளட்ச்ச வுடும்போதெல்லாம் உள்ள ஒரு இடி இடிக்குது. அந்த இடி நேரா ராடுக்குப் போவுது. ராடு இன்னா பண்ணும் பாவம்? ஜோடியா ரெண்டையும் மாத்திடு. சத்தமும் போயிடும், பேஜாரும் போயிடும்."

வீட்டில் வந்து சொன்னேன். நைனா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"ஒடஞ்சத மட்டும் பாக்கச் சொல்லு. சத்தம் மாறக் கூடாது."

அதற்குப் பிறகு எலுமிச்சம்பழம் கட்டினோம், பூசணிக்காய் உடைத்தோம். ஓர் அமாவாசைக்கு நைனா திருவள்ளூர் போய்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார். அங்கே வெல்லம் கரைத்தால் வெல்லத்தோடு நோயும் கரையும் என்பது நம்பிக்கை. யாருக்கு உடம்பு சரியில்லை என்று குளத்தங்கரையில் ஒருவர் விசாரித்திருக்கிறார். "ஊட்ல ஒருத்தனுக்கு எலும்பு ஒடஞ்சிக்கினே கீது" என்று சொன்னாராம். இதை அவரே என்னிடம் சொன்னார், சிரிக்காமல்.

அந்த வெல்லம் கரைந்த மாதமே மறுபடி ஒடிந்தது. இந்த முறை வீட்டு வாசலிலேயே. ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்கிற பேச்சு அன்றைக்குக் கண்ணெதிரே நடந்தது. எங்கள் உழவு மாடுகளைப் பூட்டி அந்தப் பந்தயக் காரைப் புதுவாயல் வரைக்கும் இழுத்துப்போனோம். நைனா மாடு பிடித்தார், நான் காரில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தேன். வழியெல்லாம் ஜனம் வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் இருந்த ஒருவர், "பெரியவரே, மாட்டுக்குப் பெட்ரோலா, காருக்கு வைக்கோலா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் கஞ்சித்தண்ணி" என்றார் நைனா திரும்பிப் பார்க்காமல்.

மேஸ்திரி பெட்டியைத் திறந்து எண்ணெயை ஒரு தட்டில் வடித்தார். கறுப்பு எண்ணெயில் ஜரிகை மாதிரி இரும்புத் தூள் மினுங்கியது.

"பாத்துக்கோ பெரியவரே. இதான் பேரிங்கத் துன்னுது. இந்த வாட்டி ஜோடிய மாத்தலன்னா நான் கை வைக்க மாட்டேன்."

நைனா குனிந்து பார்த்தார். "ஒண்ண மட்டும் மாத்தேன். இன்னொண்ணு இருக்கட்டும்."

"அது ஆவாது. ஒண்ணா ஓடி ஒண்ணா தேஞ்சது. புதுசக் கொண்டாந்து பக்கத்துல வெச்சா அதையும் கெடுத்து, தானும் கெட்டுப்போயிடும்."

நைனா மாட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மேஸ்திரி இன்னா சொன்னாரு மாமா?"

"ஜோடிய மாத்தணுமாம். மாத்தினா சத்தம் இருக்காதாம். அதான் யோசன."

"மாத்திடுங்க மாமா."

நைனா சொம்பை வாயிலிருந்து எடுத்தார். மாமனார் எதிரில் அண்ணி அப்படி முடிவாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"அந்தச் சத்தம் கேட்டா என் கை தானா உலைக்குப் போவுது. அரிசியும் ஒரு ஆளுக்குக் கூடவே உழுது. தினமும் மீந்த சோத்துக்குத் தண்ணி ஊத்தறனே, நீங்களும்தான் பாக்கறீங்க." படல் பக்கம் பார்த்தார். "எங்கண்ணன் வந்து கூப்புடும்போது, சரி வரேன்னு சொல்லலாம்னுதான் இருப்பேன். சாயங்காலம் ஆவுது, வண்டி வந்துடுது. ஊட்டுக்காரரு வர நேரத்துல நான் எப்படி மாமா கெளம்பிப் போறது?"

கொட்டகையில் மாடு கழுத்தை ஆட்டும் மணி கேட்டது. நைனா என்னைப் பார்த்தார்.

"நம்ம செவலை செத்தப்ப, கூட உழுத மயிலைய இன்னா பண்ணேன்?"

"வித்துட்டீங்க நைனா."

"நல்ல மாடுதான். ஏன் வித்தேன்?"

எனக்குத் தெரியும். செவலை போன பிறகும் மயிலை தன் பக்கத்திலேயேதான் நிற்கும். தொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதிப் பாதியை அப்படியே விட்டுவிடும். சொன்னேன்.

"ம். எடம் வுட்டுக்கினே நின்னுது. என்னால பாக்க முடியல." சொம்பை அண்ணியிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். "போற எடத்துல நல்லா இருக்கட்டும்னுதான் அனுப்புனேன். நாளைக்கே மாத்தச் சொல்லுடா."

பட்டணத்துப் பழைய சாமான் கடையிலிருந்து, பொருந்துகிற மாதிரி ஒரு டாக்சியின் ஜோடியை மேஸ்திரி தேடிக் கொண்டுவந்தார். மாட்டி முடித்து என்னிடம் சாவியைக் கொடுத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெரிய ரோட்டிலிருந்து திரும்பினேன். பாதத்தைத் தளர்த்தினேன். ஒன்றுமில்லை. காற்றும், வயலில் தவளையும்தான். அத்தனை நாள் பின்னால் தொத்திக்கொண்டு வந்தவன் எங்கேயோ இறங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பார்த்தேன்.

படல் சாத்தியிருந்தது. முதல் தடவையாக ஹாரன் அடித்தேன். அந்த ஹாரனின் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணி விளக்கோடு வந்தார்.

"யாரு?"

"நான்தான் அண்ணி."

"நீயா? உலை இன்னும் வைக்கலப்பா. இரு, வைக்கிறேன்."

அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு நான் நானாக இறங்கினேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை.

அறுப்பு முடிந்ததும் அண்ணியை அதே காரில் பொதட்டூர்பேட்டைக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒரு டிரங்குப் பெட்டி மடியில். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை, ஒன்றும் ஒடியவில்லை. பயிற்சி முடித்து வாத்தியாராக வேலைக்குப் போனார். எங்களைப் பார்க்க வரும்போது பஸ்ஸில்தான் வருவார்.

நைனாவிடம் ஒரு மாற்றம். அண்ணி போன மறுநாளிலிருந்து அவர் படலைச் சாத்துவதில்லை. ஊர் மாடெல்லாம் உள்ளே நுழைந்து எங்கள் வைக்கோல் போரை மேய்ந்தது. நான் சாத்திவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வரும்போது திறந்து கிடக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் நைனா தொறந்தே போட்டு வெச்சிருக்கீங்க?"

கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"முன்ன சத்தம் வரும், எழுந்து போய்த் தொறப்பேன். இப்ப சத்தமே இல்லியேடா. எப்ப வருவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"